பிரசவத்துக்குப் பிந்தைய பிஷருக்கு (ஆசனவாய்க் கீறலுக்கு) ‘21 நாள் பேக்கேஜ்’: 18,500 போச்சு, பால் கொடுப்பவர்கள் உஷார்

18,500. தொகையை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். இந்தப் பேக்கேஜை விற்பவர்களுடைய விளம்பரத்தில் அது எங்கேயும் இருக்காது, பேசி முடித்து நாம் தலையாட்டிய பிறகுதான் வெளியே வரும்.

பெயர் போடப்போவதில்லை. இந்த மாதிரி இடங்கள் ஒரே வாரத்தில் பெயர் மாற்றிக்கொண்டு வேறு வேஷத்தில் வந்து நிற்கும், அதனால் வகையைத் தெரிந்துகொள்ளுங்கள். வீடியோ காலில் ‘ஆலோசனை’, பிறகு ஒரு பெட்டியில் மருந்து வீட்டுக்கே வரும் ஆன்லைன் சேவை. “பிரசவித்த தாய்மார்களின் மூலம், பிஷர்: கத்தியின்றி, வலியின்றி, 21 நாளில்” என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பணம் கட்டி 16 நாள் ஆகிறது. திருப்பிக் கேட்க ஆரம்பித்து 9 நாள். கடைசியில் பத்து எச்சரிக்கைகள் தருகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நம்பிய இடம் எது என்று முதலில் சொல்கிறேன். ராத்திரி மூன்று மணிக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒரு கையில் போனில் தேடும் நேரம். மறுமுனையில் இருந்த பெண் எடுத்தவுடன் கேட்டது, “பாப்பாவுக்கு எத்தனை நாள் ஆச்சும்மா?” அடுத்து, “நானும் ரெண்டு பெத்தவதாம்மா, அந்த வலி எனக்குத் தெரியும், கண்ணாடித் துண்டு கிழிக்கிற மாதிரி இருக்கும்ல?” அவ்வளவுதான். பிஷர் வலியை இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது. அதைச் சரியாகச் சொன்னவர் மற்றதையும் சரியாகச் சொல்வார் என்று மனசு தானாக முடிவுகட்டிவிடுகிறது. பாப்பாவின் வயதைக் கேட்டது ‘புதுத் தாய் சலுகை’ பட்டியலைத் திறக்க என்பது பிறகுதான் புரிந்தது. பால் கொடுக்கிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

‘டாக்டர்’ என்று சொல்லப்பட்டவர் திரையில் இருந்தது நாலு நிமிடம். “மூலம்தான், இரண்டாம் நிலை, கூடவே பிஷர்” என்றார். பார்க்காமல் எப்படி நிலை தெரியும்? உள்மூலம் வலிக்காமல் ரத்தம் போகும், வெளியே தள்ளும். மூலத்தில் ரத்தம் உறைந்து கட்டியானால்தான் கடும் வலி. பிஷர் என்பது ஆசனவாயின் மெல்லிய தோலில் விழும் கீறல். மலம் கழிக்கும்போது சுருக்கென்று கிழிக்கும், துடைத்தால் சிவப்பாகக் கொஞ்சம் ரத்தம் இருக்கும், முடிந்த பிறகும் சில நிமிடத்திலிருந்து சில மணி நேரம் வரை இறுக்கிப் பிடித்தபடி வலிக்கும். அந்தப் பிந்தைய வலி கீறலால் மட்டும் வருவதில்லை. உள்ளே இருக்கும் சுருக்குத்தசை இறுகிக்கொள்கிறது. இறுகினால் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறையும், குறைந்தால் புண் ஆறாது. வலிக்குப் பயந்து அடக்கி வைத்தால் மலம் இன்னும் கட்டியாகி மறுபடி கிழிக்கும். இந்தச் சுற்றை எங்கே வெட்டுவது என்பதுதான் வைத்தியம். லேசாக விரித்துப் பார்த்தாலே பெரும்பாலான கீறல்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். நேரில் பார்க்கும் டாக்டருக்கு அது ஒரு நிமிட வேலை.

வழக்கமாகக் கீறல் பின்பக்க நடுக்கோட்டில் இருக்கும். பிரசவத்துக்குப் பிறகு முன்பக்கத்தில் வருவது அதிகம். பக்கவாட்டில் இருந்தால் குடல் அழற்சி, காசநோய் போன்ற வேறு காரணம் தேட வேண்டும். வீடியோவில் முகத்தைப் பார்த்து இதில் எதைச் சொல்ல முடியும்? முடியாது என்று அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் இரண்டாம் நாள் “அந்த இடத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்க மேடம்” என்று வந்தது. அனுப்பவில்லை. இந்த விஷயத்தில் தப்பித்தது அது ஒன்றுதான்.

கேட்காமல் விட்டது இன்னும் பெரிய பட்டியல். பிரசவத்தில் எந்த அளவு கிழிசல், தையல் சுருக்குத்தசை வரை போனதா, ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தார்களா? இரும்புச்சத்து மாத்திரை போகிறதா? வலிக்கு என்ன மாத்திரை? வலி எத்தனை வாரமாக? ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. இரும்பு மாத்திரை மலத்தை இறுக்கும். அதற்காக நாமாக நிறுத்தக் கூடாது, ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா, வேறு வகைக்கு மாற்றலாமா என்று எழுதிக் கொடுத்தவரிடமே கேட்க வேண்டும். கோடீன், டிரமடால் என்ற வலி மாத்திரைகள் இரண்டும் குடலைக் கட்டும், பால் வழியே போய்க் குழந்தைக்கு அதீதத் தூக்கம், மூச்சு மந்தம் வரை கொண்டுவரலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே பால் கொடுப்பவர்களுக்கு இரண்டும் வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறது. பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் வழக்கமான அளவில் பால் கொடுக்கும்போது எடுக்கக்கூடியவை. ஆறு வாரத்துக்குள் இருக்கும் புதுக் கீறல் பெரும்பாலும் மலத்தை இளக்கி, வெந்நீரில் உட்கார்ந்தாலே ஆறும். அதைத் தாண்டி, ஓரத்தில் சிறு தோல் முடிச்சு வந்துவிட்டால் அது நாள்பட்டது. பூசுமருந்து ஆறிலிருந்து எட்டு வாரம் வரை தொடர வேண்டும். 21 நாள் என்பது எந்தக் கணக்கு? அவர்களுடைய பெட்டி காலியாகும் கணக்கு.

இனி பெட்டி. 18,500-க்கு வந்தது நாலே சாமான்.

ஒன்று, வெள்ளை டப்பாவில் பொடி. இரவு இரண்டு ஸ்பூன், வெந்நீரில். எந்த ஸ்பூன்? உள்ளே என்ன? ‘மூலிகைக் கலவை’ என்று மட்டும் அச்சடித்திருக்கிறது. மூன்றாம் நாள் வயிற்றைப் பிசைந்துகொண்டு தண்ணீராகப் போனது, நாலாம் நாள் பாப்பாவுக்கும் வழக்கத்தைவிட இளகிப் போனது. கேட்டதற்குப் பதில்: “100 சதவீதம் இயற்கை மேடம், நச்சு வெளியேறுது.” பேதிக்குக் கொடுக்கும் நிலாவாரை (சென்னா) இலையும் இயற்கைதான். மாத்திரையாக, அளவு தெரிந்து, வழக்கமான டோஸில் அதே சென்னாவைப் பால் கொடுப்பவர்களுக்கு டாக்டர்களே எழுதுகிறார்கள். அளவே தெரியாத பொடியில் அதைக் கொட்டிக் கொடுப்பதுதான் வம்பு. தாது, பற்பம் கலந்த பொடியாக இருந்தால் ஈயம் பாலில் வரும் அபாயமும் உண்டு. இன்னொரு கூத்து, பிஷருக்குத் தண்ணீராகப் போவதும் ஆகாது. திரும்பத் திரும்பப் போனால் புண் எரிந்து மறுபடி விரியும். வேண்டியது பற்பசை பதத்தில் மலம், தினம் ஒருமுறை.

அதற்குச் சாதாரண மருந்துகள் இருக்கின்றன. இசப்கோல் ஒரு டீஸ்பூனில் ஆரம்பித்து, வாயு பிடிக்காமல் பார்த்துச் சில நாளில் இரண்டாக்கலாம். ஒவ்வொரு முறையும் 240 மில்லி தண்ணீரில் கலந்து உடனே குடித்துவிட வேண்டும். தண்ணீர் குறைந்தால் அதுவே உள்ளே கெட்டியாகி அடைக்கும். பால் கொடுக்கும் உடம்புக்குத் தண்ணீர் கூடுதலாகத் தேவை, அதனால் பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு டம்ளர் இருக்கட்டும். இசப்கோல் போதவில்லையென்றால் லாக்டுலோஸ் சிரப், பெரும்பாலும் நாளைக்கு 15 மில்லியிலிருந்து 30 மில்லி. வேலைசெய்ய ஒன்றிரண்டு நாள் ஆகும், முதல் நாளே பலனில்லை என்று கூட்டாதீர்கள். பாலிஎத்திலீன் கிளைகோல் பொடி என்றால் 17 கிராம், ஒரு டம்ளர் தண்ணீரில். இந்த மூன்றுமே குடலிலிருந்து ரத்தத்துக்கு ஏறுவது இல்லை என்றே சொல்லலாம். ரத்தத்தில் ஏறாதது பாலுக்கும் போகாது. புண் ஆறிய பிறகும் சில வாரம் தொடருங்கள். வலி போனவுடன் நிறுத்துவதால்தான் பலருக்கு மறுபடி கிழிகிறது.

இரண்டு, பெயரில்லாத வெள்ளைக் குப்பியில் கிரீம். “நன்றாக உள்ளே தடவுங்கள், தினம் நாலு முறை.” தடவி இருபது நிமிடத்தில் மண்டையைப் பிளக்கும் தலைவலி, எழுந்தால் கண் இருட்டல். கையில் குழந்தை! சுருக்குத்தசையைத் தளர்த்தப் பூசும் நைட்ரோகிளிசரின் களிம்பு இப்படித்தான் செய்யும். உள்ளே இருந்தது அதுதான் என்று அடித்துச் சொல்ல என்னிடம் பரிசோதனை அறிக்கை இல்லை. எது என்று அவர்களும் இன்றுவரை சொல்லவில்லை. முறையான நைட்ரோகிளிசரின் 0.2-லிருந்து 0.4 சதவீதம் வரை வரும். பட்டாணி அளவுக்கும் குறைவாக, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, விரலுறை போட்டு, ஆசனவாய் விளிம்பிலும் சற்றே உள்ளேயும் தடவுவது. படுத்தோ உட்கார்ந்தோ போட்டு, எழுவதற்கு முன் கொஞ்சம் பொறுக்க வேண்டும். கடுமையான ரத்தசோகை இருப்பவருக்கு அது ஆகாது. பிரசவத்தில் ரத்தம் இழந்தவர்களில் எத்தனை பேருக்குச் சோகை இருக்கும்? கேட்டார்களா? தலைவலி தாங்காதவர்களுக்கு டில்டியாசெம் 2 சதவீதக் களிம்பு எழுதுவார்கள், நாளைக்கு இரண்டு மூன்று முறை. அதில் தலைவலி குறைவு, சிலருக்கு அரிப்பு வரும். மாத்திரையாக விழுங்கினாலே டில்டியாசெம் பாலில் சிறிதளவுதான் சேர்கிறது, பூசினால் இன்னும் குறைவு. எதுவானாலும் பால் கொடுப்பதைச் சொல்லி, டாக்டர் சீட்டில் எழுதி வாங்க வேண்டியது. தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் மார்பையோ குழந்தையையோ தொடாதீர்கள்.

மலம் கழிக்கும் முன் எரிச்சலைக் குறைக்க லிக்னோகெய்ன் ஜெல் ஐந்து பத்து நிமிடம் முன்பு கொஞ்சம் தடவலாம். மூலத்துக்கான ஸ்டீராய்டு கலந்த கிரீமை ஒரு வாரத்துக்கு மேல் இழுக்காதீர்கள், தோல் மெலிந்துவிடும். மெலிந்த தோல் ஆறுமா கிழியுமா?

மூன்றாவது ‘சிட்ஸ் உப்பு’, வெந்நீரில் கலந்து உட்காருவதற்காம். ஒன்றும் வேண்டாம். பொறுக்கும் சூட்டில் வெறும் வெந்நீர், டப்பில் இடுப்பு முங்க 10-லிருந்து 15 நிமிடம், மலம் கழித்த பிறகும் சேர்த்து நாளைக்கு இரண்டு மூன்று முறை. வேலைசெய்வது சூடு, அது தசையின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. உப்பும் டெட்டாலும் கீறலை எரிக்கத்தான் செய்யும். எழுந்து ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

நாலாவது, நடுவில் ஓட்டை போட்ட குஷன். தையல் இருப்பவர் அதில் நெடுநேரம் உட்கார்ந்தால் நடுப்பகுதி தொங்கி வீக்கம் கூடலாம். ஒருக்களித்துப் படுத்தே பால் கொடுங்கள், செலவில்லை.

இவை நாலையும் தனித்தனியாக, பெயர் தெரிந்த மருந்தாகவே வாங்கினாலும் 18,500-ல் ஒரு துண்டுதான் ஆகும்.

திருப்பிக் கேட்ட கதை இப்போது. முதல் நாள்: “சீனியர் எக்ஸ்பர்ட் கூப்பிடுவாங்க.” கூப்பிடவில்லை. இரண்டாம் நாள்: “முதல் வாரம் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்மா, விட்டுடாதீங்க.” மூன்றாம் நாள் வேறு ஆள்: “டப்பா சீல் உடைச்சிட்டீங்களே மேடம், பாலிசிப்படி ரிட்டர்ன் கிடையாது.” சீலை உடைக்காமல் மருந்து எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டால் ஒரு கைகூப்பும் படம். ஐந்தாம் நாள்தான் உச்சம். பணம் திரும்பாதாம், ஆனால் அந்த 18,500-ஐ ‘லெவல் 2 லேசர் பேக்கேஜில்’ கழித்துக்கொள்வார்களாம், மீதி 42,000 கட்டினால் போதுமாம்! ஏழாம் நாளிலிருந்து செய்தி போகிறது, நீலக்குறி வரவில்லை. அந்த “ரெண்டு பெத்தவ” நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை.

அந்த லெவல் 2 பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நாள்பட்ட பிஷருக்கு உள்சுருக்குத்தசையின் ஒரு பகுதியை வெட்டிவிடும் அறுவை சிகிச்சை உண்மையிலேயே இருக்கிறது, பெரும்பாலோருக்கு ஆறவும் செய்கிறது. ஆனால் பிரசவத்தில் அதே தசை ஏற்கெனவே இழுபட்டோ கிழிந்தோ இருக்கலாம். பிரசவத்துக்குப் பிந்தைய பிஷரில் பலருக்குத் தசை இறுக்கமே இருப்பதில்லை. அங்கே போய் இன்னும் வெட்டினால் வாயுவும் மலமும் அடங்காமல் போகும் அபாயம் கூடும். தசையை ஸ்கேனிலோ அழுத்தமானியிலோ பார்க்காமல், பூசுமருந்தை முழுசாக முயலாமல், போனில் லேசர் தேதி கொடுப்பவரிடம் பேச்சே வேண்டாம்.

பத்து எச்சரிக்கை என்றேன். பாப்பா எழுந்துவிட்டது, கைக்கு வந்ததை எழுதுகிறேன். காய்ச்சல், சீழ், கூடிக்கொண்டே போகும் வீக்கம், நிற்காத ரத்தம், பிறப்புறுப்பு வழியாக வாயுவோ மலமோ வருவது, இதில் எது இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி, வாரக்கணக்கில் பார்க்காதீர்கள். டாய்லெட்டில் காலுக்கு அடியில் ஒரு முக்காலி, முழங்கால் இடுப்புக்கு மேலே இருக்கட்டும், ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள், போன் வெளியே. அந்தரங்க போட்டோ யாருக்கும் அனுப்பாதீர்கள். மருந்துப் பெயரும் அளவும் அச்சடிக்காத டப்பா வந்தால் சீலோடு வீடியோ எடுத்து அப்படியே திருப்பி அனுப்புங்கள். திறந்தீர்களோ, 18,500 அவர்களுடையது.