பைபாஸ் முடிந்து வீடு வந்தவருக்கு வீட்டிலேயே ரத்தப் பரிசோதனை: நாகர்கோவில் லேப் சேவை எப்படி?

திருவனந்தபுரத்தில் பைபாஸோ வால்வு ஆபரேஷனோ முடித்துக் குமரி மாவட்டத்துக்குத் திரும்புகிறவர்களுக்கு, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பது பெரிய உதவி. அறுத்த நெஞ்செலும்பு ஒன்றுசேரவே 6 முதல் 8 வாரம் ஆகும். அந்த உடம்போடு பஸ்ஸில் குலுங்கிப் போகவேண்டாம். நாகர்கோவிலிலிருந்து இயங்கும் ஒரு லேப்பின் சேவை இது. ரத்தம் எடுப்பதில் குறை இல்லை, கொண்டுபோவதில்தான் இருக்கிறது.

கையில் கட்டும் ரப்பர் பட்டையை 1 நிமிடத்துக்குள் அவிழ்த்துவிடுகிறார்கள். டியூப் வரிசையும் சரி: முதலில் நீல மூடி, பிறகு சிவப்பு, அதன் பிறகே ஊதா. ஊதா டியூபில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் ஈடிடிஏ ஒரு பொட்டாசியம் உப்பு. அது துளி சிவப்பு டியூபுக்குள் போனாலும் பொட்டாசியம் ஏறியும் கால்சியம் இறங்கியும் காட்டும். வால்வு மாற்றியவர்கள், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் சோதனைக்கான நீல டியூபைக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் இருக்கும் 0.3 மில்லி சிட்ரேட்டுக்கு (உறையாமல் தடுக்கும் திரவம்) 2.7 மில்லி ரத்தம், கோடு வரை. நீளக் குழாய் வைத்த பட்டர்ஃபிளை ஊசியானால் குழாயில் உள்ள காற்று முதல் டியூபின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் வீணுக்கு ஒரு டியூபை முதலில் மாட்டிக் கழற்ற வேண்டும். குறைவாக நிரம்பினால் ஐஎன்ஆர் பொய்யாக ஏறும். அதை நம்பி ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைக் குறைத்தால் வால்வில் ரத்தம் கட்டிவிடலாம்.

இனி பயணம். குலசேகரத்தில் காலை 7 மணிக்கு எடுத்த ரத்தம் திருவட்டாறு, தக்கலை என்று வீடு வீடாக நின்று நாகர்கோவில் சேர 10 மணி ஆகிறது. அதுவும் ஐஸ் பெட்டியில். சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் மஞ்சள் நீர்) பிரிக்காத ரத்தத்தை ஐஸில் வைப்பது தப்பு. குளிரில் சிவப்பணுவின் பம்பு நின்று, உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும். பைக் குலுக்கலில் அணுக்கள் உடைந்தால் எல்டிஎச், ஏஎஸ்டி என்சைம்களும் கூடும். சீரம் மஞ்சளாக இல்லாமல் ரோஸ் நிறமாக இருக்கும். ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் ‘ஹீமோலைஸ்டு’ (அணுக்கள் உடைந்தது) என்று இருந்தால் அந்த எண்களை நம்பி மருந்தை மாற்றக்கூடாது. நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பொட்டாசியத்தைப் பக்கத்தில் சென்ட்ரிஃபியூஜ் (சுழற்றிச் சீரம் பிரிக்கும் மெஷின்) உள்ள லேப்பில் கொடுப்பதே நல்லது.

லேப்காரர்கள் நம் தலையில் கட்டப் பார்க்கும் ‘ஹார்ட் பேக்கேஜ்’ வேண்டாம். இதயத்தையே அறுத்துத் தைத்தபின், இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கலக்கும் ட்ரோபோனின் எல்லோருக்கும் ஏறும். 10 நாளுக்கு மேலும் இறங்காமல் நிற்கலாம். அதே மாதிரியான சிகே-எம்பி 2, 3 நாளில் இறங்கிவிடும். 8ஆம் நாள் ட்ரோபோனின் சிவப்பு எழுத்தில் வந்தால் வீடே கலங்கிப்போகும், பாவம். நெஞ்சு வலித்தால் லேப் ஆளுக்குக் காத்திருக்காமல் உடனே ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகவேண்டும். சிஆர்பி என்பது உடம்பில் அழற்சியைக் காட்டும் புரதம்; பேக்கேஜில் உள்ள ஹெச்எஸ்-சிஆர்பி அதை லிட்டருக்கு 10 மி.கி.க்குக் கீழே நுணுக்கமாக அளக்க உருவானது, இங்கே பயனில்லை. ஈஎஸ்ஆரும் (சிவப்பணு அடியில் படியும் வேகம்) வாரக்கணக்கில் உயர்ந்தே இருக்கும். ரத்தசோகையே அதைக் கூட்டும்.

காசு கொடுக்கத் தகுந்தது சாதாரண சிஆர்பி, எண்ணாக வருவது. ஆபரேஷனுக்குப் பின் 2, 3ஆம் நாளில் உச்சிக்குப் போய், லிட்டருக்கு 100 மி.கி.யைத் தாண்டி, பிறகு மெல்ல இறங்கும். ஒரு தடவை எடுத்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது. இறங்கி வந்தது மறுபடி ஏறினால் நெஞ்சுத் தையல், பைபாஸுக்கு ரத்தக்குழாய் எடுத்த கால், நுரையீரல், இதய உறை என்று டாக்டர் தேடுவார். தையலில் நீர் வடிந்தாலோ, இருமும்போது எலும்பு ‘டக்’கென்றாலோ சிஆர்பிக்காகக் காத்திருக்கக்கூடாது.

அலகையும் பாருங்கள். டிஸ்சார்ஜ் தாளில் சிஆர்பி டெசிலிட்டருக்கு (100 மில்லி) 4.8 மி.கி. என்றிருப்பதும் இந்த லேப் தரும் லிட்டருக்கு 48 மி.கி. என்பதும் ஒன்றுதான். பத்து மடங்கு ஏறிவிட்டதாகப் பதற வேண்டாம்.

போன் செய்யும்போது டாக்டர் எழுதியதை மட்டும் சொல்லுங்கள். ரத்தம் வழியில் அதிக நேரம் கிடக்காமலிருக்க, அன்றைய சுற்றில் உங்கள் வீட்டைக் கடைசியாக வைக்கச் சொல்லுங்கள். கேட்டால் செய்து தருகிறார்கள்.