மைசீனிக் கோட்டை: அந்த வாசல் ஒன்றுக்காகவே போகலாம்

மார்த்தாண்டம் பக்கம் 30 வருஷம் வீடு கட்டிக் கொடுத்தவன் நான். கிரீஸில் வேலை பார்க்கும் மகன் கூப்பிட்டதால் ஜூலையில் போனோம். மைசீனி பழங்காலக் கிரேக்கக் கோட்டை; ஏதென்ஸிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். “இடிஞ்ச கோட்டை பாக்கணும்னா நம்ம உதயகிரி போதாதா?” என்று காரில் ஏறும்போதே கேட்டாள் வீட்டுக்காரி.

கோட்டைக்குள் நுழையும் சிங்க வாசலில் எல்லாரும் சிங்கத்தைப் போட்டோ எடுத்தார்கள். நான் வாசலுக்கு மேலே குறுக்கே கிடக்கும் லிண்டலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரே கல், சுமார் 20 டன். ஏற்றி வைத்து 3,200 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதன் நடுவில் பாரம் இறங்கக் கூடாதென்று, மேலே இரண்டு பக்கக் கல்லையும் வரிக்கு வரி உள்ளே தள்ளி, முக்கோணமாக இடம் விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தை அடைக்கிற பலகைதான் சிங்கச் சிற்பம்! தலை இரண்டும் இல்லை. தனியாகச் செய்து பொருத்தியவையாம். கதவுக் குடுமி சுழன்ற குழிகூட அப்படியே இருக்கிறது. எங்கள் தாத்தா வீட்டில் நெல் சேர்த்து வைக்கும் அறப்புரைக் கதவுக்கும் இதே மாதிரிக் குழிதான்.

மதிலில் சாந்தே கிடையாது. ராட்சசக் கல், இடுக்கில் சில்லுக் கல், நம் ஊரில் வெறும் கல் அடுக்கிக் கட்டும் கையாலை போல. ஒற்றைக்கண் அரக்கர்கள் கட்டியது என்று பிற்காலத்துக் கிரேக்கர்கள் நம்பினார்களாம். நாம் பூதம் கட்டியது என்போமே, அதே கதை.

உச்சியில் அரண்மனை என்பது வெறும் அஸ்திவாரம். ஏறும் வழியில் நிழலும் இல்லை. காலையில் திறந்ததும் போய்விடுங்கள். 1876-இல் ஸ்லீமான் என்ற ஜெர்மன் தொல்லியல்காரர் இங்கே தோண்டியெடுத்த தங்க முகமூடி ஏதென்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. இது தெரியாமல் வந்த வீட்டுக்காரிக்கு முகம் வாடிவிட்டது. முதலில் அங்கே போய்விட்டு வாருங்கள்.

டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். கீழே ரோட்டோரம் இருக்கும் அட்ரியஸ் (கதைகளில் வரும் மைசீனி ராஜா) கல்லறைக்கும் அதேதான். நான் கசக்கிப் போட்டுவிட்டேன்; பாவம், மகன் குப்பைத்தொட்டியில் கைவிட்டுத் தேடினான். அங்கே லிண்டல் சுமார் 120 டன். உள்ளே 13 மீட்டருக்கு மேல் உயர்ந்த கல் கூம்பு, வெளியே எரிகிற வெயிலுக்குக் குளுகுளுவென்று இருந்தது. வீட்டுக்காரி மேலே பார்த்தபடியே கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். அப்புறம், “ஒழுகாதா?” என்றாள்.

ஐந்துக்கு நாலரை. அரை மார்க் வெயிலுக்குப் போயிற்று.