கோர் கணக்கா, கவுன்டர் கணக்கா: துணிக்கடை சர்வரில் கண்டது

நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் கிளைகள் உண்டு. பில், சரக்கு இருப்பு, ஜிஎஸ்டி கணக்கு எல்லாமே மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளில்தான். 2008 ஆர்2 பதிப்பில் தொடங்கி இப்போது 2022 பதிப்பின் ஸ்டாண்டர்டு வகையில் இருக்கிறோம். மென்பொருள்மேல் பெரிய குறையில்லை. தலைவலி முழுவதும் உரிமக் கணக்கில்தான்.

2008 ஆர்2 காலத்தில் மதர்போர்டில் எத்தனை பிராசசரோ அத்தனை உரிமம். உள்ளே கணக்கிடும் அலகான கோர் நான்கு இருந்தாலும் எட்டு இருந்தாலும் விலை ஒன்றே. 2012 பதிப்போடு அந்தக் காலம் முடிந்தது. இப்போது எண்ணுவது கோர்களை. இரண்டிரண்டு கோராக விற்கிறார்கள். ஒரு பிராசசருக்குக் குறைந்தது நான்கு கோருக்கு வாங்கியாக வேண்டும். ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர் த்ரெட்டிங் வசதியால் விண்டோஸ் இரட்டிப்பாகக் காட்டும் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். சர்வரில் நேரடியாக நிறுவினால் உண்மையான கோர்கள் மட்டுமே கணக்கு.

ஆகவே, உரிமத்தைத் தீர்மானித்துவிட்டுத்தான் சர்வரை வாங்க வேண்டும். வன்பொருள் விற்பவர்கள் பதினாறு கோர் பிராசசர் இரண்டு என்று விலைப்பட்டியல் நீட்டுவார்கள். அவர்களுக்கென்ன? 2022 ஸ்டாண்டர்டு 24 கோருக்கு மேல் பயன்படுத்தாது. உரிமமோ 32 கோருக்கும் எடுத்தாக வேண்டும். எட்டு கோர் காசு வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

ஸ்டாண்டர்டுக்கு இன்னொரு வழியும் உண்டு: சர்வருக்கு ஓர் உரிமம், அதை அணுகும் ஒவ்வொரு கருவிக்கும் அல்லது ஆளுக்கும் தனித்தனி சிஏஎல் (அணுகல் உரிமம்). ஒரே கவுன்டரில் இரண்டு ஷிப்டுக்கு ஆள் மாறும் கடையில் கருவிக் கணக்குதான் லாபம். 2022 பதிப்பின் வெளியீட்டுப் பட்டியல் விலைப்படி சர்வர் உரிமம் 989 டாலர், ஒரு சிஏஎல் 230 டாலர், இரண்டு கோர் 3,945 டாலர். நான்கு கோருக்கு 7,890 டாலர். முப்பது கருவிகளோடு சர்வர் வழியில் போனால் 7,889. ஒரு டாலர்தான் வித்தியாசம்! முப்பதைத் தாண்டினால் கோர் பக்கம் சாய்வதே புத்திசாலித்தனம்.

எங்கள் ஊரில் இதை முடிவு செய்வது பண்டிகைதான். ஓணத்துக்குக் கேரளத்துப் பாறசாலைப் பக்கத்திலிருந்து கூட்டம் வரும். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா முடிந்ததும் கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடுபிடிக்கும். அந்தச் சில வாரங்களுக்குப் போடும் கூடுதல் கவுன்டர்களுக்கும், இருப்பு எடுக்கும் கையடக்க ஸ்கேனர்களுக்கும் சிஏஎல் வேண்டும். பில்லிங் மென்பொருள் ஒரே லாகினில் சர்வரோடு பேசுகிறது என்ற வாதம் எடுபடாது. பின்னால் நிற்கும் கருவிகளைத்தான் எண்ணுவார்கள். தவிர, பழைய பதிப்பின் சிஏஎல் புதிய பதிப்புக்குச் செல்லாது.

அதனால் வேகமான நான்கு கோர் பிராசசர் ஒன்றை வாங்கி, கோர் உரிமம் எடுத்தோம். மிஞ்சிய பணம் வேகமான என்விஎம்இ டிஸ்க்குக்கும் மெமரிக்கும் போனது. டிசம்பர் நெரிசலிலும் பில் தயங்குவதில்லை. மாதக் கடைசியில் இருப்பு அறிக்கை எடுக்கும்போது மட்டும் நான்கு கோர் திணறுகிறது. அதை இரவுக்குத் தள்ளிவிட்டோம்.

கிளைகளில் இலவசமான எக்ஸ்பிரஸ் பதிப்புதான். 2022 எக்ஸ்பிரஸில் ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபி வரம்பு. நிதியாண்டுக்கு ஒரு தரவுத்தளம் என்று பிரித்துவிட்டால் ஒரு கிளைக்கு அது தாராளம்.

இன்னொரு தரவுத்தள மென்பொருளான ஆரக்கிளையும் விசாரித்தோம். அதன் என்டர்பிரைஸ் பதிப்பில் இன்டெல் கோர்களை எண்ணி 0.5ஆல் பெருக்கி, வரும் எண்ணுக்கு உரிமம் எடுக்க வேண்டும். ஸ்டாண்டர்டு எடிஷன் 2 இன்னும் சாக்கெட் (பிராசசர் பொருத்தும் இடம்) கணக்கில், இரண்டு சாக்கெட் வரம்போடு இருக்கிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற மற்றொரு தரவுத்தள மென்பொருளுக்கு உரிமக் கட்டணமே கிடையாது, ஆனால் எங்கள் பில்லிங் மென்பொருள் அதில் ஓடாது.

ஒரே சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கும் விர்ச்சுவல் மெஷினில் போட நினைப்பவர்களுக்கு ஒன்று. ஒவ்வொரு மெஷினுக்கும் குறைந்தது நான்கு கோர் கணக்கு. 2022 பதிப்பில் அப்படித் தனித்தனியாக உரிமம் எடுக்க சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் பராமரிப்புத் திட்டமோ சந்தாவோ இருந்தாக வேண்டும். விலைப்பட்டியலில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.