ஜப்பானில் 11 ஆண்டுகள்: வெளிநாட்டவருக்கான பொது மருத்துவக் காப்பீடும் என் அனுபவமும்

2014 செப்டம்பரில் மாணவனாக தோக்கியோவுக்கு வந்தபோது, அரசு மருத்துவக் காப்பீடு அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணியிருந்தேன். வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்யச் சென்ற அன்றே, அடுத்த கவுன்டருக்கு அனுப்பி, தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். சேர விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் தங்க அனுமதி பெற்று, வசிப்பவராகப் பதிவு செய்துகொண்டவர், வேலை செய்யும் நிறுவனத்தின் வழியாகக் காப்பீடு பெறாதவராக இருந்தால், எந்த நாட்டவரானாலும் இதில் சேர்ந்தே ஆக வேண்டும்.

ஜப்பான் 1961-லேயே நாடு முழுவதும் அனைவருக்கும் காப்பீடு என்ற நிலையை எட்டிவிட்டது; ஆனால் தேசியக் காப்பீட்டிலிருந்த குடியுரிமை நிபந்தனை 1986-ல்தான் நீக்கப்பட்டது. அதன் பின்னரும் ஓராண்டு தங்குவோருக்கே இடம் இருந்தது. 2012 ஜூலையில் அது மூன்று மாதமாகக் குறைந்தது. எனக்கு முன்பே இங்கு வந்து, இந்த உரிமை இல்லாமல் நோயைத் தாங்கிய வெளிநாட்டவரை நினைக்கும்போது, எனக்கு எளிதாகக் கிடைத்த காப்பீட்டு அட்டையின் மதிப்பு கூடுகிறது.

பிரீமியம் முந்தைய ஆண்டின் வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. எனக்கு அப்போது வருமானம் ஏதும் இல்லை. ஆனால் வருமானம் இல்லை என்பதையும் எழுதிக் கொடுத்தால்தான் தள்ளுபடி கிடைக்கும். அந்த ஒரு பக்கப் படிவத்தை நிரப்பியதால், மாதம் 2,000 யென்னுக்கும் குறைவாகவே கட்டினேன். புதிதாக வரும் மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தப் படிவத்தைப் பற்றித்தான்.

2016-ல் வேலையில் சேர்ந்ததும் நிறுவனக் காப்பீட்டுக்கு மாறினேன். அதில் பிரீமியத்தில் பாதியை நிறுவனம் ஏற்கிறது. மனைவியைச் சார்ந்தவராகச் சேர்த்தபோது கூடுதலாக எதுவும் பிடிக்கவில்லை. 2019-ல் எனக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. மொத்தச் செலவு ஏறத்தாழ 6 லட்சம் யென். வழக்கமான 30 சதவீதப் பங்கு என்றால் 1,80,000 கட்டியிருக்க வேண்டும். ஆனால் மாதச் செலவுக்கு உச்சவரம்பு உண்டு: அப்போது என் வருமானப் பிரிவுக்கு அது 80,100 யென், அத்துடன் 2,67,000-ஐத் தாண்டும் செலவில் ஒரு சதவீதம். ஆக, சிகிச்சைக்காக நான் கட்டியது சுமார் 83,400 யென். சாப்பாட்டுக் கட்டணம் தனி. இந்த வரம்பு நாட்காட்டி மாதத்துக்கு உரியது என்பதால், மாதக் கடைசியில் மருத்துவமனையில் சேர்ந்து அடுத்த மாதம் வீடு திரும்புவோருக்கு இரண்டு மாதக் கணக்காகிவிடும். அவசரமில்லாத சிகிச்சைக்குத் தேதி குறிப்பவர்கள் இதை மனத்தில் கொள்வது நல்லது.

நான் இடறியது வேலை மாறியபோது. 2021-ல் பழைய வேலையை விட்டதற்கும் புதியதில் சேர்ந்ததற்கும் இடையே இரண்டு மாத இடைவெளி இருந்தது. இடையில் எதுவும் செய்யத் தேவையில்லை என்று பழைய நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் கூறியதை நம்பி, 14 நாட்களுக்குள் வார்டு அலுவலகத்துக்குத் தெரிவித்து மீண்டும் தேசியக் காப்பீட்டில் சேராமல் இருந்துவிட்டேன். அந்த இடைவெளியில் மனைவியின் பல் வலிக்கு முழுத் தொகையையும் கையிலிருந்து கொடுத்தோம். பின்னர்தான் தெரிந்தது, தேசியக் காப்பீட்டில் உறுப்பினராகும் நாள் நாம் விண்ணப்பிக்கும் நாள் அல்ல, பழைய காப்பீடு முடிந்த நாள் என்று. அந்த இரண்டு மாதத்துக்கான பிரீமியமும் வந்து சேர்ந்தது. நிறுவனத்தின் பாதிப் பங்கு இல்லை, கணக்கிட்டதோ முந்தைய ஆண்டின் முழுச் சம்பளத்தை வைத்து. காப்பீடு இல்லாத நாட்களுக்கும் பணம் கட்டுகிறோமே என்று மனைவி வருந்தியது இன்னும் நினைவில் இருக்கிறது. பழைய காப்பீடு முடிந்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கி, அந்த வாரமே வார்டு அலுவலகத்துக்குச் சென்றிருந்தால், பல் சிகிச்சையில் எங்கள் பங்கு 30 சதவீதம் மட்டுமே. நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்கும்போது பிரீமியத்தை உரிய காலத்தில் கட்டியிருக்கிறோமா என்பதையும் பார்க்கிறார்கள். ஆகவே இது இரண்டு மாதப் பணத்தோடு முடிகிற விஷயம் அல்ல.

2023-ல் மகள் பிறந்தாள். இயல்பான பிரசவத்தை நோயாகக் கருதுவதில்லை என்பதால் அது காப்பீட்டில் வராது. அதற்குப் பதிலாக ஒரு குழந்தைக்கு 5 லட்சம் யென் உதவித்தொகை உண்டு. அது நேரே மருத்துவமனைக்குச் சென்றுவிட்டது, மிச்சத்தை நாங்கள் கட்டினோம்.

பேறுகால உதவிக்கு அம்மா 90 நாள் விசாவில் வந்திருந்தார். குறுகிய காலம் தங்குவோர் வசிப்பவராகப் பதிவாக முடியாது; எனவே காப்பீடும் இல்லை. முழங்கால் வீங்கியபோது, நான் வழக்கமாகச் செல்லும் கிளினிக்குக்கே அழைத்துச் சென்றேன். ரசீதில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் புள்ளிகள் போட்டிருக்கும். ஒரு புள்ளிக்கு 10 யென். நோயாளி கட்ட வேண்டிய பங்கு என் ரசீதில் 30 சதவீதம் என்று அச்சாகும் இடத்தில், அம்மாவின் ரசீதில் 100 என்று இருந்தது. அம்மா அந்தத் தாளை வாங்கிப் பார்த்து, ஊருக்குப் போய்க் காட்டிக்கொள்கிறேன் என்று கூறி, அடுத்த முறை வர மறுத்துவிட்டார். 2020 ஏப்ரல் முதல், நிறுவனக் காப்பீட்டில் சார்ந்தவராகச் சேர்க்கப்படுபவரும் பொதுவாக ஜப்பானிலேயே வசிக்க வேண்டும் என்றாகிவிட்டதால், ஊரில் இருக்கும் பெற்றோரை அந்த வழியாகவும் சேர்க்க முடியாது. பெற்றோரை அழைத்து வருபவர்கள் விமானச் சீட்டு எடுக்கும்போதே, ஏற்கெனவே உள்ள நோய்களையும் ஏற்கும் பயணக் காப்பீடு கிடைக்குமா என்று விசாரித்து எடுத்துவிடுங்கள். நான் அதைச் செய்யவில்லை.