மூன்று மாடி வீட்டுக்கு எந்த வைஃபை?

காத்தான்குடி, கல்முனைப் பக்கம் காணி நெருக்கம். வீடு மேலேதான் வளரும். கீழே விறாந்தையில் ரவுட்டர், மூன்றாம் மாடியில் படிக்கிற பிள்ளைக்கு போனில் ஒரு சிக்னல் கோடும் வராது. எல்லாரும் சுவரைத்தான் திட்டுவார்கள். கூடுதலாக மறிப்பது மாடிக்கு மாடி கம்பி கட்டி ஊற்றிய கொங்கிறீட் பிளேட் (தளம்). 10 டெசிபல் குறைந்தால் சிக்னலில் பத்திலொன்றுதான் மிஞ்சும்; 20 குறைந்தால் நூறிலொன்று.

கடைக்காரர் முதலில் நீட்டுவது ஆறு அன்டெனா ரவுட்டர். அது கத்துவது மேல்மாடிக்குக் கேட்கலாம். போன் சொல்லும் பதில் கீழே கேட்க வேண்டுமே! கோடு நிறைய, வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை தடையைக் கொஞ்சம் நன்றாகவே தாண்டும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டும்; பக்கத்து வீட்டாரும் அதில்தான்.

மாடிக்கொன்றாக வைத்து ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வைஃபையைக் கடத்தும் டெக்கோ போன்ற மெஷ் பெட்டிகள் வாடகை வீட்டுக்குச் சரி. படிக்கட்டுத் திறப்பு நேராக வைத்தால் பிளேட்டைச் சுற்றிப் போகலாம். ஆனால் பெட்டியும் பெட்டியும் பேசுவதும் அதே காற்றில்தான், ஒவ்வொரு தாவலிலும் வேகம் விழும்.

சொந்த வீடென்றால் நான் வயர்தான் இழுப்பேன். மாடிக்கு ஒரு கேட்6 நெட்வேர்க் வயர், முகட்டில் அந்த மாடிக்கு வைஃபை கொடுக்கும் ஒரு அக்சஸ் பொயின்ட். 100 மீட்டர் வரை இணையமும் மின்சாரமும் அந்த ஒரே வயரில் போகும். அக்சஸ் பொயின்ட்டில் டிபி-லிங்க் இஏபி225 வைஃபை 5 தலைமுறை. பாடத்துக்கும் யூடியூபுக்கும் தாராளம். யூனிஃபை யு6 பிளஸ் அதற்கடுத்த வைஃபை 6; ரியூஷன் வகுப்பு, விருந்தினர் விடுதி போல ஆள் கூடும் இடத்தில் அதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். வயர் வழியே மின் கொடுக்கும் இன்ஜெக்டர் யு6 பிளஸ் பெட்டிக்குள் வராது, தனியாக வாங்க வேண்டும். எதை மாட்டினாலும் அதன் சிக்னல் பவரைக் குறைத்து வையுங்கள். இல்லாவிட்டால் மேலே ஏறிய போன் கீழ்மாடியையே பிடித்துக்கொண்டு நிற்கும்.

முற்றத்துக்கு இஏபி225 அவுட்டோர்: ஐபி65 பாதுகாப்புத் தரம், மழை தாங்கும். கல்லடிக் கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று வயர் முனையைத் தின்னும், மூடியை இறுக்குங்கள். பின்வளவுக் கட்டடத்துக்குச் செப்பு வயர் வேண்டாம். ஐப்பசி இடி ஒன்று போதும், இரண்டு பக்கமும் கருகிவிடும். அங்கே மின்சாரம் கடத்தாத பைபர் (கண்ணாடி இழை) வயர்தான்.