துட்டி (துக்கம்) கேட்க வந்தவர்கள் எல்லாம் போன பிறகு: 14416 சேவை பற்றி

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 14416 என்பது மனநல ஆலோசனைக்கான போன் நம்பர், நல்ல சேவை. காசு கிடையாது, இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசுகிறார்கள். வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்துவிட்டு நாளைக் கடத்த முடியாமல் இருப்பவர்கள் தயங்காமல் கூப்பிடலாம். இவ்வளவு தெரிந்தால் போதும் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் இப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது, தெரிந்த பிறகும் 'மனநலம்' என்று கேட்டதுமே அம்மா மிரண்டுவிட்டாள்.

இது மத்திய அரசின் டெலி மனஸ் சேவை. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கியது. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவ நிறுவனம்தான் இதற்குத் தலைமை. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. போன் போட்டால் முதலில் பதிவுக் குரல் வரும், மொழியைத் தேர்ந்தெடுத்த பிறகு பயிற்சி பெற்ற ஆலோசகர் வருவார். அவர் பேசிப் பார்த்து மருத்துவர் தேவை என்று நினைத்தால் அடுத்த கட்டத்துக்கு அனுப்புவார். பெயர் சொல்லியே ஆகவேண்டும் என்று கிடையாது. அம்மாவுக்கு இதுதான் பெரிய நிம்மதி, அம்பாசமுத்திரம் மாதிரி ஊரில் ஒரு விஷயம் ஒரு தெருவுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரிதான்.

எங்கள் அப்பா மாரடைப்பில் போனார், ஒரு நாள் கூடப் படுக்கையில் கிடக்கவில்லை. நம்ம பக்கம் துட்டி வீட்டை எப்படித் தாங்குவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அடுப்புப் பற்றவைக்க விடமாட்டார்கள், சொந்தக்காரர்கள் சோறும் ரசமுமாகக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள், காடாத்து, பதினாறு என்று ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு வேலை, யார் வந்தாலும் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுவார்கள், அம்மாவும் அழுவாள், அப்புறம் அவர்களுக்குக் காப்பி கொடுக்கச் சொல்லி எங்களை ஏவுவாள். அதைப் பழைய பழக்கம் என்று ஒதுக்குகிறவர்களிடம் எனக்குச் சம்மதமே இல்லை. அந்தப் பதினாறு நாளும் அம்மாவைப் பிடித்து நிறுத்தியது அதுதான்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து வாடகை நாற்காலியும் பாத்திரமும் போனது, சின்னையாவும் அத்தையும் அவரவர் ஊருக்குப் போனார்கள், தம்பிக்கு லீவு முடிந்தது, நான் திருநெல்வேலி பெருமாள்புரத்துக்கு வந்துவிட்டேன். எங்கள் கூட வந்து இரு என்றால் அம்மா கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. ராத்திரி சாப்பிடுவதில்லை, தூக்கமில்லை, கோயிலுக்குப் போவதில்லை. அப்பாவின் செல்போனைப் பீரோவில் வைத்து சார்ஜ் போட்டு, அந்த நம்பருக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்யச் சொல்லித் தெருமுனைக் கடைப் பையனிடம் காசு கொடுத்துக்கொண்டிருந்தாள். தெரிந்ததும் தம்பி சத்தம் போட்டான். வந்து போகிற ஆட்கள் எல்லாம் ஒரே பாட்டுத்தான்: "அழுதுக்கிட்டே இருந்தா போனவுக திரும்பி வந்துருவாகளா?" பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். உட்கார்ந்த வேகத்தில் தூக்க மாத்திரை எழுதினார், அம்மாவை ஒரு வார்த்தை பேசவிடவில்லை.

14416-ஐச் சொன்னது என்கூட வேலை பார்க்கும் ஒரு அக்கா. பொத்தான் அமுக்கி மொழி தேர்ந்தெடுப்பதெல்லாம் அம்மாவுக்கு வராது, நான்தான் போட்டு, ஆள் வந்ததும் விவரம் சொல்லி, போனை ஸ்பீக்கரில் வைத்து அவள் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அடுப்படியில் நின்றேன். அந்தப் பெண் எடுத்த எடுப்பில் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "ஐயா என்ன வேலை பாத்தாங்கம்மா?", "சாயங்காலம் ஆனா ரெண்டு பேரும் என்ன செய்வீங்க?" என்று கேட்டாள். அம்மா பதில் சொல்லிக்கொண்டே போனாள். ரீசார்ஜ் பேச்சு வந்தது, நான் பதறினேன். அந்தப் பெண் நிறுத்தச் சொல்லவில்லை, "அந்த நம்பருக்குக் கூப்பிடுவீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டாள். அம்மா, "கூப்பிட மாட்டேன், வேற யாருக்கும் அந்த நம்பரைக் குடுத்துறக் கூடாதுல்லா" என்றாள். அவள் ஏன் அப்படிச் செய்கிறாள் என்று எங்களில் ஒருத்தரும் கேட்டதே இல்லை. நான் வாசலுக்குப் போய்விட்டேன், கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது என்று தோன்றியது. பேசி முடித்துவிட்டு அம்மா சொன்னது: "அந்தப் புள்ள என்னைய ஒண்ணும் சொல்லலட்டி, கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு." அன்றைக்கு ராத்திரி இரண்டு தோசை சாப்பிட்டாள்.

பிறகு பல தடவை பேசினாள், மொழியை அமுக்கும் வரை நானோ பக்கத்து வீட்டுப் பையனோ கூட இருந்தால் போதும், மீதியை அவளே பார்த்துக்கொண்டாள். பேச்சு அப்பாவைப் பற்றி மட்டும் இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கரண்ட் பில் யார் கட்டுகிறார்கள், பேங்குக்கு யார் போகிறார்கள் என்றும் கேட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் வெளி வேலை எல்லாம் அப்பாதான், அம்மாவுக்குப் பாஸ்புக் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. குடும்ப ஓய்வூதியத்துக்கு எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவாள், ராத்திரி அதை நினைத்து அழுவாள். துக்கமும் கையறு நிலையும் அவளுக்கு ஒன்றாகப் பின்னிக் கிடந்திருக்கிறது. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று பிறகுதான் படித்தேன். துக்கப்படுகிற மனசு ஒரே இடத்தில் நிற்காது, போனவரை நினைத்து அழுவதும் புதிய அன்றாட வேலைகளைப் பார்ப்பதுமாக மாறி மாறிப் போய்வரும், அப்படிப் போய்வருவதுதான் இயல்பு என்கிறார்கள். காலையில் அழுதவள் மத்தியானம் சீரியல் பார்த்துச் சிரித்தால் அதற்குள் மறந்துவிட்டாள் என்று பேசும் அக்கம்பக்கத்துக்கு இதைச் சொல்லவேண்டும். இப்போது கரண்ட் பில் அம்மாதான் கட்டுகிறாள்.

வாட்ஸ்அப்பில் வரும் 'துக்கத்தின் ஐந்து கட்டங்கள்' (மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு) படத்தை வைத்துக்கொண்டு யாரையும் அளக்காதீர்கள். மனநல மருத்துவர் எலிசபெத் குப்ளர்-ராஸ் 1969-இல் அதை எழுதியது, சாவை எதிர்நோக்கி இருந்த நோயாளிகளிடம் பேசித்தான். பறிகொடுத்தவர்கள் எல்லாரும் அந்த வரிசையில் போவார்கள் என்பதற்கில்லை.

அதே சமயம், எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடவும் கூடாது. உலக சுகாதார நிறுவனம் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கத்தை ஒரு நோயாகச் சேர்த்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேலும் அன்றாட வாழ்க்கையே நடத்த முடியாதபடி துக்கம் அழுத்தினால், அதுவும் அவரவர் சமூக, சமய வழக்கத்தையும் தாண்டிப் போனால்தான் அந்தப் பெயர். ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கும்போது படித்துறையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள் அம்மா. அது நோய் இல்லை. ஆனால் "நானும் அவர் பின்னாலேயே போயிடுறேன்" என்று யாராவது சொன்னால் அதை வாய்ச் சொல்லாக எடுத்துக்கொள்ளாமல் அன்றைக்கே 14416-ஐக் கூப்பிடுங்கள், ஏதாவது செய்துகொள்வார் என்று பயமிருந்தால் தனியாக விடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

என் மதிப்பு ஐந்துக்கு நாலரை. அரை குறைத்ததற்குக் காரணம், எதிரே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசுவதற்குப் போன் ஈடாகாது. துணையை இழந்தவர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து பேச ஒரு இடம் அம்பாசமுத்திரம் பக்கம் இருந்தால் அம்மாவை முதல் ஆளாகக் கூட்டிப்போவேன். நேரில் மருத்துவரைப் பார்க்கவேண்டும் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது.

வயசானவர்களுக்குப் போட்டுக் கொடுப்பவர்களுக்கு ஒன்று: முதலில் நீங்கள் பேசி, யார் இறந்தார், எப்போது, இப்போது இவர் எப்படி இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனைக் கொடுங்கள், கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அம்மாக்கள் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வார்கள். 14416 கிடைக்கவில்லை என்றால் 1800 891 4416, அதுவும் இதே சேவைதான்.