ஆறு ஞாயிறுகளுக்கு ஒரு கையேடு

யாழ்ப்பாணக் கடைகளில் கிடைக்கும் இந்தப் பிரசங்கக் குறிப்புக் கையேடு, உயிர்த்த ஞாயிறுக்கும் தூய ஆவியின் வருகையை நினைவுகூரும் பெந்தெகொஸ்தேக்கும் இடைப்பட்ட ஆறு ஞாயிறுகளுக்கானது. வாசிப்புகள், திருச்சபையின் ஞாயிறு வாசிப்பு அட்டவணையான மூன்றாண்டுச் சுழற்சியில் (ஏ, பி, சி) 'சி' ஆண்டுக்குரியவை. வேறு ஆண்டில் வாங்கினால் நற்செய்தி வாசிப்பில் முதல் வாரம் மட்டும்தான் பொருந்தும். அந்த வாரத்துக்குரிய தோமாவின் பகுதி (யோவான் 20:19-31) எல்லா ஆண்டுக்கும் பொது.

உயிர்த்த ஞாயிறையும் சேர்த்து எண்ணினால் மூன்றாம் ஞாயிறுக்கான (கையேட்டில் இரண்டாவது) குறிப்பு அருமை. யோவான் 21இல் கரையில் எரியும் கரிநெருப்பை, பேதுரு மறுதலித்த இரவின் கரிநெருப்போடு (18:18) சேர்த்துக் காட்டுகிறது. பேதுருவின் மூன்று மறுதலிப்பு, இயேசுவின் மூன்று கேள்வி. குருநகரிலோ பாசையூரிலோ அந்தச் சீடர்களைப் போல விடிய வெறும் வலையோடு கரைக்கு வருபவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பிறகு அவர்கள் வலையில் சிக்கிய 153 மீனுக்கு மறைபொருள் தேடாமல் விட்டதும் நல்லது.

அடுத்து வரும் நல்ல மேய்ப்பன் ஞாயிறில்தான் சறுக்கல். யோவான் 10:22-30ஐ விட்டுவிட்டு 23ஆம் சங்கீதத்திலேயே நின்றுவிடுகிறது. சாலொமோன் மண்டபம், மாரிகாலம், இயேசுவைச் சூழ்ந்துகொண்டு கேட்டவர்கள் என எதுவுமில்லை. அந்தச் சூழல் இல்லாமல் "என் ஆடுகள் என் சத்தத்திற்குச் செவிகொடுக்கிறது" என்ற வசனம் வெறும் ஆறுதலாகச் சுருங்கிவிடும். நம்மூர்ப் பட்டியில் ஆடு குரலறிந்து வருவதைச் சொல்லி இதை நீங்களே நிரப்பலாம்.

மற்ற மூன்றும் பரவாயில்லை. அப்போஸ்தலர் நடபடிகளின் வாசிப்பை ஒரு வரியில் கடப்பது பெருங்குறை. இக்காலத்தில் முதல் வாசிப்பே அதுதானே.